காரையும் உப்பும்: தரங்கம்பாடிப் பயணக் குறிப்புகள்

பிப்ரவரி 6, வியாழன் – மயிலாடுதுறையிலிருந்து கிழக்கே

செம்பனார்கோவிலைத் தாண்டியதும் சாலையின் இரு பக்கமும் அறுவடை முடிந்த வயல்கள். அறுத்த தாளுக்கிடையே உளுந்து இரண்டு இலை விட்டு நிற்கிறது. கொள்முதல் நிலையங்களின் வாசலில் தார்ப்பாய் போர்த்திய நெல் குவியல்கள். முந்தின இரவு தூறியிருந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்க மாட்டார்கள் என்பதால், குவியலுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் எல்லாருமே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என்னோடு வந்தவர் பெரியப்பா. பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டியும் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் சுவரைத் தட்டிப் பார்ப்பார். ஒரு காலத்தில் டென்மார்க்காரர்கள் (டேனியர்) ஆண்ட தரங்கம்பாடியின் தூண் வைத்த வீடுகளைப் பார்க்க வேண்டும் என்று நான் பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். "அதெல்லாம் சுண்ணாம்பு வேலை அம்மா. தெரிந்தவன் பக்கத்தில் இருந்தால்தான் உனக்கு விளங்கும்" என்று அவரே கிளம்பிவிட்டார்.

ஆக்கூர் முக்கூட்டுக்குக் கொஞ்சம் முன்னால் பஸ்ஸின் பின்சக்கரம் பஞ்சர். ஸ்டெப்னி டயரும் சரியில்லை. கண்டக்டருக்கு வயது முப்பதுக்குள்தான் இருக்கும். அடுத்து வந்த வண்டியைக் கைகாட்டி நிறுத்தி, எங்கள் டிக்கெட்டுகள் செல்லும் என்று அந்தக் கண்டக்டரிடம் சொல்லி, ஏற்கெனவே உட்கார்ந்திருந்த ஒரு கல்லூரிப் பையனிடம் "தம்பி, அய்யா உட்காரட்டும்" என்று கேட்டு இடமும் வாங்கிக் கொடுத்தார். வண்டிக்காகக் காத்திருந்தபோது குடித்த டீ பன்னிரண்டு ரூபாய்; சூடான மசால் வடை பத்து ரூபாய். பருப்பு ஒன்றிரண்டாக அரைபட்டு, சோம்பு வாசனையோடு இருந்தது. பெரியப்பா இரண்டு சாப்பிட்டார்.

திருக்கடையூரில் பஸ் நிறைந்துவிட்டது. தை மாதம் அல்லவா, அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் முடித்து மாலையும் கையுமாக ஏறிய தம்பதிகள். ஒரு பாட்டி யாரென்றே தெரியாத எங்களுக்கும் தேங்காய், பழம் போட்ட பையைக் கொடுத்துவிட்டுத்தான் பொறையாரில் இறங்கினார்.

தங்கிய விடுதியில் அறை வாடகை ஆயிரத்து இருநூறு. குழாயில் உப்புத் தண்ணீர். முகம் கழுவித் துடைத்த பிறகும் தோலில் பிசுபிசுப்பு போகவில்லை. "இந்தத் தண்ணீரில்தான் இந்த ஊர்ச் சுவர்களும் நிற்கின்றன" என்றார் பெரியப்பா. அவர் சொன்னதன் பொருள் மறுநாள்தான் எனக்குப் புரிந்தது.

பிப்ரவரி 7, வெள்ளி – ராஜ வீதியும் ஆளுநர் மாளிகையும்

வெள்ளிக்கிழமை கோட்டைக்கு விடுமுறை. அதனால் அன்றைய பொழுதை முழுவதும் வீதிகளுக்கே வைத்துக்கொண்டோம்.

ஊருக்குள் போகும் வழியே ஒரு வாசல்தான். 1792இல் கட்டிய நிலவாசல். வெள்ளைச் சுவர், மேலே டேனிஷ் அரசரின் முத்திரை. அதற்குள் நுழைந்தால் ராஜ வீதி நேராகக் கடலை நோக்கிப் போகிறது. வீதியின் மறுமுனையிலிருந்து காற்று முகத்தில் அடித்தது.

வீதியின் முடிவில் பெரிய மைதானம். ஒரு பக்கம் டான்ஸ்போர்க் கோட்டை. எதிர்ப்பக்கம் டேனிஷ் ஆளுநர் மாளிகை. கடலோரம் பிரிட்டிஷ் கலெக்டர் இருந்த வீடு. இப்போது அது தங்கும் விடுதி. மைதானத்தின் நடுவில் நின்று கோட்டையையும் மாளிகையையும் மாறி மாறிப் பார்த்தாலே இந்த ஊரின் கதையில் பாதி கண்ணுக்குத் தெரிந்துவிடும். கோட்டை 1620ஐச் சேர்ந்தது: தடித்த மதில், பீரங்கி, பயம். மாளிகையோ 1784 முதல் ஆளுநர்களின் இருப்பிடம்: உயரமான தூண்கள், அகலமான தாழ்வாரம், வருகிறவரை வரவேற்கும் முகப்பு. அதுவரை ஆளுநர் கோட்டையின் மாடியில்தான் குடியிருந்தார். கீழே கிடங்கும் சமையலறையும் படைவீரர் கொட்டடியும் இருக்க, மேலே அரசாங்கம் நடந்தது.

கோட்டையை விட்டு இறங்கி வந்து தூண் வைத்து வீடு கட்டும் அளவுக்கு அவர்களிடம் பணம் எப்படிச் சேர்ந்தது? இந்த ஊரைப் பற்றிப் படித்ததில் என்னை ஆச்சரியப்படுத்திய இடம் இதுதான். 1639க்குப் பிறகு ஏறக்குறைய முப்பது வருடம், 1669 வரை, டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட இங்கே வரவில்லை. ஊரே கைவிடப்பட்ட நிலையில் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பக்கே என்ற ஒருவர் மிஞ்சிய கொஞ்சம் பேரோடு ஊரைக் காத்தார். அப்படி ஒரு காலம் கண்ட ஊர், நூறு வருடம் கழித்துச் செழித்தது மற்றவர்களின் சண்டையால். அமெரிக்க விடுதலைப் போரை ஒட்டி ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் டச்சுக்காரரும் கடலில் ஒருவர் கப்பலை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தபோது, சண்டையில் சேராத டேனிஷ் கொடிக்கு மவுசு கூடியது. யாருடைய சரக்கானாலும் அந்தக் கொடியின் கீழ் பத்திரமாகப் போகலாம். 1777இல் டேனிஷ் வணிகக் கம்பெனியிடமிருந்து ஊரின் நிர்வாகத்தை டேனிஷ் அரசே எடுத்துக்கொண்டிருந்தது. தூண் வைத்த வீடுகள் எழுந்தது இந்தக் காலத்தில்தான்.

அந்தப் பாணியை நவசெவ்வியல் என்பார்கள். கிரேக்க, ரோமானியக் கோயில்களின் தூண் வரிசையையும் அளவுப் பொருத்தத்தையும் 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பா மீண்டும் கையிலெடுத்தது. கோபன்ஹேகனில் எது நாகரிகமோ அது கப்பலேறி இங்கேயும் வந்துவிட்டது. ஆனால் பாணிதான் வந்தது. கல் வரவில்லை. காவிரிப் படுகையில் ஏது கல்? வண்டலைத் தவிர வேறொன்றும் கிடையாது. ஆகவே அங்கே கல்லில் நிற்கிற தூண் இங்கே செங்கல்லில் நிற்கிறது. ஆற்று வண்டலை அறுத்துச் சூளையில் சுட்ட செங்கல், கடற்கரைக் கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு, ஆற்று மணல். வடிவம் ஐரோப்பாவினுடையது, உடம்பு முழுக்கக் காவிரிக் கரையினுடையது. ஆளுநர்களின் பெயர்கள் வரிசையாகக் கிடைக்கின்றன. 1788 முதல் 1806 வரை இருந்த பீட்டர் ஆங்கர் இந்த ஊரையும் தமிழ்நாட்டுக் கோயில்களையும் ஓவியங்களாகவே தீட்டி வைத்தார். அந்தச் செங்கல்லை அடுக்கிய கொத்தனார் ஒருவர் பெயரையும் நான் எங்கும் காணவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

மாளிகையின் கேட் பூட்டியிருந்தது. வெளியே நின்றே வெகுநேரம் பார்த்தோம். 1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் டேனியர் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். அதன் பிறகு சில வருடங்கள் தஞ்சாவூர் மாவட்டத்துக்கே இதுதான் தலைநகர். மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாக இருந்த ஊர்களில் இதுவும் ஒன்று. 1860இல் கலெக்டர் அலுவலகம் தஞ்சாவூருக்குப் போனது. ஆளுநர் மாளிகை நீதிமன்றமாயிற்று. பிறகு உப்புக் கிடங்காயிற்று.

"உப்புக் கிடங்கு" என்று நான் சொன்னதும் பெரியப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சுண்ணாம்புச் சுவருக்கு உப்பைவிடப் பெரிய எதிரி கிடையாது அம்மா. மழையில் கரைந்து செங்கல்லுக்குள் போகும். வெயிலில் காய்ந்து உள்ளேயே பூக்கும். பூக்கும்போது காரையைத் தள்ளும். பீரங்கி ஒரு தடவைதான் அடிக்கும். உப்பு வருடா வருடம் அடிக்கும்."

மாளிகையைத் தமிழ்நாடு அரசின் சுற்றுலாத் துறையும் டென்மார்க் தேசிய அருங்காட்சியகமும் சேர்ந்து பழுது பார்த்தன. 2011 வாக்கில் வேலை முடிந்தது. இப்போது வெளியிலிருந்து பார்க்க நன்றாகவே நிற்கிறது. ஆனால் அரசாங்கக் கவனம் கிடைக்காத வீடுகள்? அதைப் பார்க்கத்தான் ராணித் தெருப் பக்கம் நடந்தோம்.

மதியம் சாப்பாடு. கடற்கரைக்குப் போகும் வழியில் ஓலைக் கொட்டகை போட்ட ஒரு கடை. மீன் சாப்பாடு நூற்றைம்பது ரூபாய். சங்கரா மீன் குழம்பு மண்சட்டியிலிருந்து அப்படியே ஊற்றினார்கள். புளிப்பு முன்னால் நின்று, காரம் பின்னாலேயே வந்தது. கடைக்கார அக்கா குழம்பை மூன்றாவது தடவை ஊற்ற வந்தபோது பெரியப்பா இலையை மூடப் போனார். "அய்யா, மீன் முடிந்துவிட்டது, குழம்பு இருக்கிறது, கூச்சப்படாமல் சாப்பிடுங்கள்" என்றார் அக்கா. ஒன்றேகால் மணிக்கெல்லாம் வந்தவர்களைச் சோறு இல்லை என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

சாப்பிட்ட பிறகு பார்த்த வீடுதான் இந்தப் பயணத்தில் நான் மறக்க முடியாதது. தெருவோடு ஒட்டிய தாழ்வாரம், நான்கு பருத்த தூண்கள், மரச் சட்டங்களின் மேல் சன்னமான செங்கல்லை அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை. தாழ்வாரத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாள், நாங்கள் தூணையே பார்ப்பதைக் கண்டு, "வெயிலில் ஏன் நிற்கிறீர்கள், மேலே வாருங்கள்" என்றார். மோர் கொடுத்தார். பெருங்காயமும் நார்த்தை இலையும் கசக்கிப் போட்ட மோர்.

இடது ஓரத் தூணில் காரை ஓர் ஆள் கை அகலத்துக்குப் பெயர்ந்திருந்தது. பெரியப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அதற்கு அருகில் முகத்தை வைத்தார். என்னையும் இழுத்துக் காட்டினார். உள்ளே வட்டத்துக்கு ஏற்ப வார்த்தெடுத்த சன்னமான செங்கல். நம் இன்றைய செங்கல்லில் பாதிக் கனம்தான் இருக்கும். அதன் மேல் விரற்கடை கனத்தில் பருமணல் கலந்த முதல் பூச்சு. பழுப்பு நிறம், இடையிடையே வெந்து சரியாக நீறாத கிளிஞ்சல் துணுக்கு. அதன் மேல் மாவு போல அரைத்த இரண்டாம் பூச்சு. கடைசியில் முட்டை ஓடு கனத்தில் ஒரு வெள்ளைத் தோல். அந்தத் தோலின் மேல் நான் விரலை ஓட்டினேன். குளிர்ச்சியாக, வழவழவென்று இருந்தது. கடுக்காய் ஊறிய தண்ணீர், வெல்லம், கடைசிப் பூச்சுக்கு முட்டையின் வெள்ளைக்கரு, தயிர். மணியாசுக் கட்டையால் தேய்த்து, பிறகு கூழாங்கல்லால் மெருகேற்றியிருப்பார்கள் என்றார் பெரியப்பா. பளிங்கு கிடைக்காத ஊரில் பளிங்கைக் கையால் செய்திருக்கிறார்கள்.

பக்கத்துத் தூணில் அதே அளவுக்கு ஒரு சிமெண்ட் ஒட்டு. அதைத் தட்டினால் பொத்தல் சத்தம். அம்மாள் சொன்னார்: "மூன்று வருடத்துக்கு ஒரு தடவை பூசுகிறோம் அய்யா. ஐப்பசி மழை வந்தால் பெயர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் செங்கல்லையும் சேர்த்துக்கொண்டு விழுகிறது. சிமெண்டைக் கெட்டியாகப் போட்டால் நிற்கும் என்று மேஸ்திரி சொல்கிறார்."

கெட்டியாகப் போடுவதுதான் கேடு. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் விடாது. உள்ளே மாட்டிய ஈரமும் உப்பும் செங்கல்லைத் தின்னும். பெரியப்பா ஒட்டின் ஓரத்தை நகத்தால் நெம்பியதும் உள்ளிருந்து செம்மண் போலச் செங்கல்பொடி கொட்டியது. அதில் வெள்ளை வெள்ளையாக உப்பு. இருநூறு வருடம் நின்ற தூண், இருபது வருடத்துப் பழுது பார்த்தலில் பொடியாகிக்கொண்டிருக்கிறது. எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. அந்த அம்மாள் மேல் அல்ல. சொந்தக் காசைப் போட்டு வீட்டைக் காப்பாற்றப் பார்க்கும் ஒருவருக்கு, எதைப் பூச வேண்டும் என்று சொல்லக்கூட இந்த ஊரில் ஒரு ஆள் இல்லாமல் போய்விட்டதே என்ற கோபம்.

"சுண்ணாம்பு வேலை செய்கிற கொத்தனார் யாராவது இருக்கிறார்களா அய்யா?" என்று அந்த அம்மாள் கேட்டார். விசாரித்துச் சொல்வதாகப் பெரியப்பா எண்ணைக் குறித்துக்கொண்டார்.

பிப்ரவரி 8, சனி – கோட்டை, கோயில், ஜெருசலேம்

காலையில் சாரல். எட்டு மணிக்கு வெயில். பத்து மணிக்குக் கோட்டை திறந்தார்கள்.

1620இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஓவே கெட்டே என்ற டேனிஷ் தளபதி செய்துகொண்ட உடன்படிக்கையில் பிறந்தது இந்தக் கோட்டை. டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்தியானுக்கு ரகுநாத நாயக்கர் பொன்னோலையில் எழுதிய கடிதம் கோபன்ஹேகனில் இன்றும் இருக்கிறது. சுதந்திரத்துக்குப் பிறகு அரசாங்கப் பயணியர் மாளிகையாக இருந்து, 1978இல் தொல்லியல் துறையின் கைக்கு வந்தது. யாரோ தங்கிக்கொண்டே இருந்ததால்தான் இவ்வளவாவது நிற்கிறது என்பது பெரியப்பாவின் கட்சி. ஆள் புழங்காத வீடு சீக்கிரம் விழும் என்பதை நானும் எங்கள் ஊரில் பார்த்திருக்கிறேன்.

கீழ்த்தளத்து அறைகள் ஒன்றரை ஆள் உயர வளைவுக் கூரை கொண்டவை. உள்ளே வெக்கை இல்லை. அருங்காட்சியகத்தில் பீங்கான் துண்டுகள், பீரங்கிக் குண்டுகள், பத்திரங்கள். 1706 ஜூலையில் இங்கே வந்து இறங்கிய ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்குவை, ஊரை நிர்வகித்த கொம்மாந்தர் ஹாசியஸ் நான்கு மாதம் சிறை வைத்ததும் இந்தக் கோட்டையில்தான். தமிழ் அச்சுக்கூடம் நடத்தி, 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்த மனிதருக்கு, டென்மார்க் அரசரே அனுப்பிய ஊரிலேயே அந்தக் கதி. ராஜ வீதியில் அவர் கட்டிய புதிய ஜெருசலேம் ஆலயத்தின் ஆண்டு 1718. அடுத்த வருடமே இறந்து அதற்குள்ளேயே அடக்கம் செய்யப்பட்டார். ஆலயத்தில் பெருக்கிக்கொண்டிருந்தவர் வேலையை நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டுக் காட்டினார். கொடுத்த பணத்தை வாங்கவில்லை, உண்டியலைக் கைகாட்டினார்.

கோட்டைக்கு வடக்கே கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில். டேனியருக்கு முந்நூறு வருடம் மூத்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. இப்போது பாறாங்கல் கொட்டித் தடுத்திருக்கிறார்கள். அதன் மேல் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். 2004 சுனாமியில் தன் தெருவில் யார் யார் போனார்கள் என்று ஒவ்வொரு பெயராகச் சொன்னார். நாங்கள் இடையில் எதுவும் கேட்கவில்லை. சொல்லி முடித்துவிட்டு, "டீ குடித்தீர்களா?" என்றார்.

மத்தியான வெயிலில் பெரியப்பாவுக்குத் தலைசுற்றல். அறைக்குப் போய் இளநீர் குடித்துப் படுத்தவர் சாயங்காலம்தான் எழுந்தார். இளநீர் ஐம்பது ரூபாய். காவிரிக் கரையில் இளநீருக்கு இந்த விலை கொஞ்சம் அதிகம்தான்.

பிப்ரவரி 9, ஞாயிறு – காரைக்கால், நாகப்பட்டினம்

நண்டலாற்றைத் தாண்டினால் புதுச்சேரி எல்லை. காரைக்காலில் இறங்கி இறால் வாடா தின்றோம். அரிசி மாவில் தட்டி, மேலே முழு இறாலைப் பதித்து எண்ணெயில் போட்டெடுப்பது. உள்ளே வெங்காயம் இனித்தது. ஒன்று இருபது ரூபாய். காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. நாகப்பட்டினத்தை 1658இல் டச்சுக்காரர் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தார்கள். அரை நாள் பஸ் பயணத்துக்குள் இத்தனை கொடிகள் பறந்த கரை இது.

நாகப்பட்டினம் ரயில் நிலையத்தில் வண்டி நாற்பது நிமிடம் தாமதம் என்று அறிவித்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தபோது தரங்கம்பாடியின் முடிவும் இந்தத் தண்டவாளத்தில்தான் இருக்கிறது என்று தோன்றியது. 1861இல் ரயில் இங்கே வந்தது, அங்கே போகவில்லை. சரக்கும் வணிகரும் ரயில் இருக்கும் துறைமுகத்துக்குப் போய்விட்டார்கள். பிற்காலத்தில் மயிலாடுதுறையிலிருந்து போட்ட மீட்டர் கேஜ் பாதையும் 1986இல் நின்றுவிட்டது. பணம் வராததால் யாரும் பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்டவில்லை. தூண்கள் தப்பியது அந்த ஏழ்மையால்.

பெரியப்பா அதற்குள் தொலைபேசியில் மூன்று பேரைப் பிடித்துவிட்டார். கடைசியாகக் கிடைத்தவர் கோயில் திருப்பணிகளில் சுண்ணாம்பு வேலை செய்கிற கொத்தனார், கும்பகோணம் பக்கம். சித்திரை பிறந்ததும் வருவதாகச் சொன்னார். அதற்கு முன்னால் சுண்ணாம்பை நீற்றித் தொட்டியில் ஊறப் போட்டுவிட வேண்டும், குறைந்தது ஒரு மாதம் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், நல்ல தண்ணீராக இருக்க வேண்டும், அந்த ஊர்க் குழாய்த் தண்ணீர் ஆகவே ஆகாது என்று கறாராகச் சொல்லியிருக்கிறார். பெரியப்பா அதையெல்லாம் அப்படியே ராணித் தெரு அம்மாளுக்குப் போன் போட்டுச் சொன்னார். சிமெண்ட் ஒட்டை இப்போதே பெயர்த்துவிடலாமா என்று அவர் கேட்டார்.

"பெயர்த்துவிடுங்கள் அம்மா. செங்கல் மூச்சு விடட்டும். தூணைச் சுற்றி ஈரச் சாக்கு மட்டும் வைக்காதீர்கள்" என்றார் பெரியப்பா. எங்கள் வண்டி வந்துவிட்டது.